சித்தேரி மலை: ஒரு மலைநாடு ஒதுங்கிய வரலாறு

தருமபுரி மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில், அரூருக்குத் தெற்கே எழும் கிழக்குத் தொடர்ச்சி மலைத் துண்டுதான் சித்தேரி மலை. மேற்கே மஞ்சவாடிக் கணவாய் இதைச் சேர்வராயன் மலையிலிருந்து பிரிக்கிறது. கிழக்கே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு கல்வராயன் மலையிலிருந்து பிரிக்கிறது. இடைப்பட்ட மேட்டிலும் அதன் மடிப்புகளிலும் சித்தேரி ஊராட்சியின் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. சில முகடுகள் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். உயரம் என்று பார்த்தால் இமயத்துக்கு முன் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் இமயத்தின் உட்பள்ளத்தாக்குகளைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாமே இங்கும் நடந்திருக்கிறது: தூளி கட்டி நோயாளியைச் சுமப்பது, மழைக்காலத்தில் வழி அறுந்துபோவது, அரசாங்கம் என்பதை வனக்காவலர் உருவில் மட்டுமே பார்ப்பது. அரூர் நகரம் சில மணி நேர நடைத் தொலைவில் இருக்கும்போது இந்த மலை எப்படித் தொலைதூரமானது என்பதே இதன் வரலாற்றில் கேட்கத்தக்க கேள்வி.

வயதில் இமயம்தான் இளையது. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி இமயம் எழத் தொடங்கி ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகள் ஆகின்றன. சேலம், தருமபுரிப் பக்கத்து மலைகளின் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை உள்ளவை. இங்கே பரவலாகக் காணப்படும் கருநீலச் சாயல் கொண்ட கடினப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது என்று கண்டறிந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, அவர் பெயரையே அந்தப் பாறைக்கு வைத்தார். கல்கத்தாவை நிறுவியவராக வெகுகாலம் கருதப்பட்ட ஒருவரின் பெயரைத் தமிழ்நாட்டுக் குன்றுகள் சுமப்பது இப்படித்தான்.

மழை இரு பருவங்களிலும் கிடைக்கும். மாவட்டத்தின் சராசரி ஆண்டுக்கு சுமார் 850 மில்லிமீட்டர். மலை மேல் விழும் நீர் வரட்டாற்றிலும் கல்லாற்றிலும் இறங்கித் தென்பெண்ணையைச் சேர்கிறது. வரட்டாற்றின் குறுக்கே மலையடிவாரத்தில், வள்ளிமதுரையில், அணை கட்டப்பட்டிருக்கிறது. சேர்வராயனில் தோன்றும் வாணியாறு மேற்கு ஓரமாக ஓடுகிறது. அடிவாரத்தில் உசிலையும் முட்புதரும், மேலே ஏறினால் வேங்கை, கடுக்காய், நெல்லி, மூங்கில், ஈரமான ஓடைப்பள்ளங்களில் பலா என்று காடு மாறிக்கொண்டே போகும். இவற்றுக்கிடையே, பிற மரங்களின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சி வளரும் சந்தன மரமும் உண்டு. இந்த மலையின் கதையில் மற்ற எல்லா மரங்களையும் விட அதிகத் துன்பத்தைக் கொண்டுவந்தது அதுதான்.

இப்பகுதியின் பழமைக்கு எழுத்துச் சான்றுகள் மலை மேல் கிடைப்பதில்லை, சமவெளியில்தான் கிடைக்கின்றன. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகரம். அசோகரின் கல்வெட்டுகள் சேர, சோழ, பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்று வெகுகாலம் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். 1981இல் தென்பெண்ணைக் கரையில் ஜம்பையில் கண்டுபிடிக்கப்பட்ட தமிழிக் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியையே அந்தப் பெயரால் குறித்து, வழக்கை முடித்துவைத்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இந்த மன்னனின் நாட்டை எதிரிகள் விரும்பியதற்கு அதன் இருப்பிடம் ஒரு காரணம். காவிரிச் சமவெளிக்கும் மைசூர் மேட்டு நிலத்துக்கும் இடையிலான வழிகள் அந்த நாட்டின் வழியாகவே போயின.

பிறகு வந்த நூற்றாண்டுகளின் வாழ்க்கையைத் தருமபுரி, அரூர், செங்கம் வட்டாரத்து நடுகற்கள் சொல்கின்றன. தொல்லியல் துறை 1970களில் இவற்றைத் தொகுத்து வெளியிட்டது. ஆநிரை கவர்ந்தபோது இறந்தவன், மீட்டபோது இறந்தவன் என்று கல்லுக்குக் கல் ஒரே செய்திதான். மன்னர்கள் பெயரளவில் வருகிறார்கள். மாடுகள் மையத்தில் நிற்கின்றன. காட்டோரத்து மேய்ச்சல் நாட்டில் செல்வம் என்றால் கால்நடைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அரூருக்கு அருகே தீர்த்தமலையில் உள்ள தீர்த்தகிரீசுவரர் கோயிலுக்குச் சோழர், விசயநகரக் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அருணகிரிநாதரின் திருப்புகழிலும் அதற்கு இடம் உண்டு. மலைநாட்டின் விளிம்பு வரைக்கும் பேரரசுகளின் கை எட்டியது. அதற்கு மேலே ஏறியதற்கு அடையாளம் குறைவு.

மலை மேல் மனித வாழ்க்கையோ இன்னும் பழையது. சேர்வராயன் உள்ளிட்ட இந்த மலைத் தொகுதியில், புதிய கற்காலத்தைச் சேர்ந்த மெருகேற்றிய கல் கோடரிகளைப் பிள்ளையார் கோயில்களில் மலைமக்கள் வைத்து வழிபட்டு வந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் புரூஸ் ஃபூட் போன்றவர்கள் பதிவு செய்தார்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் காட்டைத் திருத்திய கருவி, யாருடையது என்றே தெரியாமல், சாமியாகிவிட்டது.

இன்று சித்தேரி மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு இவர்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மலையில் ஆளும் மக்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது, பேசுவது தமிழ், பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்வதும் வழக்கம். தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையால் பெரிய சமூகம் இதுவே. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் பழங்குடி மக்கள்தொகை 8 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் மலையாளிகள் மூன்றரை லட்சத்துக்கு மேல். சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாது மலை, ஏலகிரி ஆகிய மலைகளிலும் இவர்களே இருக்கிறார்கள். ஒரு வினோதத்தையும் குறிப்பிட வேண்டும். பழங்குடிப் பட்டியல் மாவட்டப் பெயர்களைச் சொல்லி இவர்களைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் ஈரோடு இல்லாததால், பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் பழங்குடிச் சான்றிதழுக்காகப் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறார்கள். மலைகளை விட மாவட்ட எல்லைகளே நிலையானவை என்று நம்பியவர்கள் செய்த ஏற்பாடு அது.

தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது மலையாளிகளின் மரபுக் கதை. அண்ணன் தம்பி மூவர் காஞ்சியை விட்டுக் கிளம்பினார்கள். கரிராமன் என்ற தெய்வமும் கூடவே வந்தது. ஒருவர் சேர்வராயனிலும் ஒருவர் கொல்லிமலையிலும் ஒருவர் பச்சைமலையிலும் தங்கினார்கள். மூத்தவருக்கு எந்த மலை, இளையவருக்கு எது என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். லெ ஃபானு 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேட்டிலும், எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் குறித்த தொகுதிகளிலும் இக்கதையின் வடிவங்கள் பதிவாகியுள்ளன. இடப்பெயர்வு நடந்த காலத்தைக் கதையை வைத்து உறுதி செய்ய முடியாது. ஆயினும் அதன் சாரத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. போர், வரி, பஞ்சம் ஆகியவற்றுக்குத் தப்பி உழவர்கள் மலையேறுவது ஆசியாவின் பல மலைநாடுகளில் நடந்த வரலாறு. மலையாளிகளின் ஏர் உழவும், தானியப் பயிர்களும், தமிழும், வைணவச் சாயல் உள்ள தெய்வப் பெயர்களும் சமவெளியோடு அவர்களுக்கு இருந்த பழைய தொடர்பையே காட்டுகின்றன.

ஊர்கள் சிறியவை. பத்து, இருபது வீடுகள் கொண்ட குடியிருப்பை வளவு என்பார்கள். ஆலமரத்துவளவு என்பது போன்ற ஊர்ப்பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. பல ஊர்கள் சேர்ந்தது நாடு. ஊருக்கு ஊர்க்கவுண்டர், நாட்டுக்கு நாட்டார் அல்லது பட்டக்காரர் என்று தலைமை அடுக்கு இருந்தது. நிலத் தகராறு, திருமணம், பிரிவு, திருவிழா நாள் குறித்தல் எல்லாம் இவர்கள் முன்னால் முடிந்தன. பரிசப் பணம் பெண் வீட்டுக்குப் போகும். கணவனை விட்டுப் பிரிந்த பெண் மறுபடி மணம் செய்துகொள்வதும், கைம்பெண் மறுமணமும் தடையில்லாமல் நடந்தன. இதைத் தளர்ந்த ஒழுக்கம் என்று எழுதிவைத்த ஆங்கில அதிகாரிகளும் சமவெளி மேல்சாதியினரும் தங்கள் அளவுகோலைத்தான் காட்டிக்கொண்டார்கள்.

வீடு மூங்கில் படலில் மண் பூசிய சுவரும் புல் வேய்ந்த கூரையும் கொண்டது. உள்ளே புகையேறிக் கறுத்த பரண் மீது விதைத் தானியம் இருக்கும். புகை பட்டால் பூச்சி அண்டாது. நிலத்தை மூவகையாகப் பார்த்தார்கள். ஏர் ஓட்டக்கூடிய சரிவு குறைந்த இடம் உழவுகாடு. ஏர் போக முடியாத செங்குத்துச் சரிவில் கொத்தால் கிளறி விதைப்பது கொத்துக்காடு. காட்டை வெட்டி, காயவிட்டு, தீயிட்டு, சாம்பல் மேல் விதைத்து, இரண்டு மூன்று ஆண்டு விளைந்த பின் மண் தேறுவதற்காக விட்டு நகர்வது புனக்காடு. சாமையும் கேழ்வரகும் முதன்மைப் பயிர்கள். தினை, வரகு, பனிவரகு துணை. கேழ்வரகுக்கு நடுவே அவரை, துவரை, கடுகு என்று கலந்து விதைத்தார்கள். ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று வீட்டுக்கு வரும் என்ற கணக்கு. கதிர் முற்றும் காலத்தில் பரண் கட்டி, காட்டுப்பன்றியை விரட்ட இரவு முழுவதும் குரல் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

காலையில் கூழ், பகலில் களி, இரவில் சாமைச் சோறு. தருமபுரிச் சமவெளிக்கும் களிதான் சாப்பாடு என்பதால் உணவில் மலைக்கும் நாட்டுக்கும் பெரிய பிளவு இல்லை. சாமையின் சிக்கல் உமியில் இருக்கிறது. அதைக் குத்திப் புடைத்து அரிசியாக்குவது பெண்களின் தோளை முறிக்கும் வேலை. பிற்காலத்தில் நியாயவிலைக் கடை அரிசி மலைக்கு வந்தபோது சாமை வேகமாகப் பின்வாங்கியதற்கு, சுவை மாற்றத்தை விட உரலும் உலக்கையுமே பெரிய காரணம். சிறுதானியத்தின் பெருமையை இன்று நகரங்களில் பேசுவோர் இதைச் சேர்த்துப் பேசுவது நல்லது.

பஞ்சம் வந்தால் காட்டு வள்ளிக்கிழங்கு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. 1871இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1881இல் 16 லட்சமாகக் குறைந்தது. கிழங்கு தோண்டத் தெரிந்தவர்களுக்கு அந்த ஆண்டுகளில் காடு ஒரு களஞ்சியம். அந்தக் களஞ்சியத்துக்குப் பூட்டுப் போடும் சட்டம் பஞ்சம் முடிந்த நான்காவது ஆண்டில் வந்தது.

அதற்கு முன் மலைநாடு மூடிக் கிடந்த இடமாக இல்லை. மஞ்சவாடி, தொப்பூர், செங்கம் கணவாய்கள் வழியாகத்தான் மைசூர் மேட்டுக்கும் தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் இடையே படையும் சரக்கும் போய்வந்தன. ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோருக்கும் ஆங்கிலக் கம்பெனிக்கும் நடந்த போர்களில் பாராமகால் என்ற இந்தப் பகுதி மாறி மாறிக் கைமாறியது. அந்தப் படைகளுக்குப் பின்னால் பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றிக்கொண்டு நடந்தவர்கள் லம்பாடிகள். சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மலையாளிகளுக்கு நடுவே இன்று இருக்கும் லம்பாடித் தண்டாக்கள் அந்தப் பொதிமாட்டு யுகத்தின் மிச்சம். பக்கத்து மாநிலமான ஆந்திரத்தில் பழங்குடியினர் என்று வகைப்படுத்தப்பட்ட லம்பாடிகள், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள்.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு பாராமகாலைக் கம்பெனிக்குக் கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு நிர்வாகியானார். அவருக்குக் கீழே தருமபுரியில் இருந்து வேலை பார்த்த தாமஸ் மன்றோ, பின்னர் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறையைக் கற்றுக்கொண்டது இந்தச் சீமையில்தான். வயலை அளந்து, உழவனின் பெயரில் தீர்வை எழுதுவது அந்த முறையின் உயிர். இடம் மாறிக்கொண்டே இருக்கும் புனக்காட்டுக்கு அது பொருந்தவில்லை. இன்று உழுத இடம் நாளை காடு. நாளை திருத்தும் இடம் இன்று காடு. அளவுச் சங்கிலிக்குள் அடங்காததால் மலையின் பெரும்பகுதி யாருக்கும் சொந்தமில்லாத தரிசாகக் கணக்கில் ஏறியது. அடுத்த நூறு ஆண்டின் சிக்கல்களுக்கு வித்து இங்கே விழுந்தது.

மரத்துக்கு விலை வந்தது ரயிலோடு. 1860களின் தொடக்கத்தில் சோலார்பேட்டையிலிருந்து சேலம் வரை பாதை போடப்பட்டபோது, மொரப்பூர், பொம்மிடி வழியாக அது இந்த மலைகளின் அடிவாரத்தை உரசிக்கொண்டு போனது. தண்டவாளக் கட்டைக்கும் இன்ஜின் விறகுக்கும் காடு வெட்டப்பட்டது. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில் பாதையும் வந்தது; அது 1941இல் மூடப்பட்டது. வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத் தோல் பதனிடும் தொழிலுக்குக் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தேவைப்பட்டன. காட்டை அழித்தது கம்பெனியும் ரயிலும் என்றாலும், பழி புனக்காட்டின் மீதே விழுந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டைக் காப்புக் காடாக அறிவித்து எல்லைக்கல் நடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. புனக்காடு குற்றமானது. ஆடு மேய்க்க, விறகு எடுக்க, மூங்கில் வெட்ட அனுமதியோ கட்டணமோ தேவைப்பட்டது. வளவுகளைச் சுற்றி இருந்த பட்டா நிலம் தீவுகளாக மிஞ்சியது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகூடக் காப்புக் காட்டுக்குள் சிக்கியது.

இமயத்தில் இதற்கு ஒரு துணை வரலாறு உண்டு. குமாவுன் பகுதியின் ஜோகார் பள்ளத்தாக்கில் மிலம் என்ற ஊர், திபெத்துக்குத் தானியமும் துணியும் கொண்டுபோய் உப்பும் கம்பளி மயிரும் கொண்டுவந்த வணிகர்களால் செழித்திருந்தது. செம்மறி ஆடுகளின் முதுகில் பொதி ஏற்றிக் கடந்த கணவாய்கள் 1962 போருடன் மூடப்பட்டன. நடுவழியில் இருந்த ஊர் ஒரே ஆண்டில் வழியின் முடிவாயிற்று. மக்கள் வெளியேற, வீடுகள் பாழாயின. அங்கே நாட்டின் எல்லைக்கோடு செய்த வேலையைச் சித்தேரியில் காப்புக் காட்டின் எல்லைக்கல் செய்தது. இரண்டு இடங்களிலும் மலை அப்படியே இருந்தது. தொலைவு மனிதர் வகுத்தது.

பக்கத்துக் கல்வராயன் மலைக்கு வேறொரு விதி. அங்கே சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்கள், நாடு விடுதலை அடைந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் வரி வாங்கிக்கொண்டும் இலவச வேலை வாங்கிக்கொண்டும் இருந்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல்தான் அந்த ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டன. ஜாகீர்தாரின் பிடியும் வனத்துறையின் பிடியும் ஒன்றல்ல. எனினும் இரண்டின் கீழும் வாழ்ந்தவர்களுக்குச் சொந்தக் காட்டில் நடமாட இன்னொருவர் சம்மதம் வேண்டியிருந்தது.

தருமபுரி 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. சித்தேரிக்கு அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, ஊராட்சி அலுவலகம், சுகாதார நிலையம், மலைப்பாதை என்று ஒவ்வொன்றாக வந்தன. மரவள்ளியும் வந்தது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் வாங்கத் தயாராக இருந்ததால் மலைச் சரிவுகளில் சாமை இருந்த இடத்தில் குச்சிக்கிழங்கு ஏறியது. கையில் காசு வந்தது, மண் மெலிந்தது. ஆலை விலை விழுந்த ஆண்டுகளில் கிழங்கை அப்படியே சமைத்து நாள் தள்ள வேண்டியிருந்தது.

சந்தனத்தின் விலை ஏற ஏற, கடத்தல் ஒரு தொழிலாக இந்த மலையடிவாரத்தில் வேர்விட்டது. வெட்டுவதும் சுமப்பதும் கூலிக்காரர்கள். லாபம் பார்த்தவர்கள் மலையில் குடியிருக்கவில்லை. வனத்துறையின் கோபம் முழுவதும் கைக்கு எட்டிய ஊர்கள் மீது இறங்கியது. சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி அப்படிப்பட்ட ஊர். 1992 ஜூன் 20ஆம் நாள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த பெரும் கூட்டம், பதுக்கிய சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி ஊருக்குள் நுழைந்தது. ஆண்கள் பெரும்பாலும் காட்டுக்குள் ஓடிவிட்டனர். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, ஆடு கோழிகள் கொல்லப்பட்டன, கிணறுகள் கெடுக்கப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் சேலம் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டனர். ஊர் பல மாதங்கள் வெறிச்சோடிக் கிடந்தது.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் எடுத்துச் சென்ற இந்த வழக்கு நீதிமன்றங்களில் நடந்த விதம் தனியே படிக்கத்தக்கது. அரசு முதலில் எல்லாவற்றையும் மறுத்தது. 1995இல் உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் கொடுத்தது. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023இல் வாச்சாத்திக்கு நேரில் சென்று பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தண்டனைகளை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டார். சம்பவத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 31 ஆண்டுகள். சீருடை அணிந்தவர்கள் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் தண்டிக்கப்பட்டது இந்திய நீதி வரலாற்றில் மிக அரிது. அதைச் சாதித்தவர்கள் நீதிமன்றத்தில் நின்று ஆட்களை அடையாளம் காட்டிய, பள்ளிக்கூடம் போகாத பெண்கள்.

சந்தன மரங்கள் தீர்ந்தன. கூலித் தேவை தீரவில்லை. மலையிலிருந்து வேலைக்குப் போவோர் கேரளத்துத் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் போனார்கள். சிலரை இடைத்தரகர்கள் ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டுக்குச் செம்மரம் வெட்ட அழைத்துப் போனார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் அந்தக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை மாவட்டத்தவர். தருமபுரி மாவட்டத்தவர் சித்தேரி மலை ஊர்களைச் சேர்ந்தவர்கள். இம்முறை லாபம் பார்த்தவர்கள் அந்த மலைகளை ஏறிப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இதே காலத்தில் பள்ளத்தாக்கில் வேறொரு முயற்சி வேர்பிடித்தது. 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் சிட்லிங்கியில் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டைத் தாண்டுவதில்லை. ஊர்ப் பெண்களுக்கே செவிலியர் பயிற்சி கொடுத்தது இந்த முயற்சியின் சிறப்பு. பிரசவமும் குழந்தை வளர்ப்பும் உள்ளூர்க் கைகளிலேயே இருந்தன. அறிவு மட்டும் கூடியது. குழந்தை இறப்பு விகிதம் 20 அளவுக்கு இறங்கியது. நோயின் மூலம் வயலிலும் கடனிலும் இருப்பதைக் கண்டு, இயற்கை வேளாண்மை உழவர் சங்கமும் அங்கே உருவானது. சாமையும் கேழ்வரகும் மறுபடி விலை பெற்றன. லம்பாடிப் பெண்களின் மறைந்துகொண்டிருந்த பூத்தையல், போர்கை என்ற பெயரில் கைத்தொழிலானது. பள்ளத்தாக்கில் தொடங்கியதால் சாலை வசதி உதவியது என்பது உண்மைதான். மேட்டில் இருந்த கலசப்பாடி, அரசநத்தம் போன்ற ஊர்களுக்கு அத்தகைய வாய்ப்பு வெகுநாள் எட்டவில்லை. காப்புக் காட்டுக்குள் சாலை போட வனத்துறை அனுமதி வேண்டும் என்ற ஒரு வரிக்குள் அவற்றின் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடந்தன.

மாவட்டத்தின் பிற மலைகளிலும் இதே கதைதான், வேகம் மட்டும் வேறு. தருமபுரி நகரத்திலிருந்து பார்த்தாலே தெரியும் வத்தல்மலைக்கு இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு பாதை வந்தது இந்த நூற்றாண்டில்தான். காப்பியும் மிளகும் சாமையும் விளையும் அந்த மலையைச் சுற்றுலாத் தலமாக்கும் பேச்சு இப்போது பலமாக இருக்கிறது. பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கோ அண்மைத் தேர்தல்கள் வரைக்கும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறின. ஒவ்வொரு தேர்தலின் போதும் பத்திரிகைகள் அந்தப் படத்தை ஆவலோடு வெளியிட்டன. நோயாளியும் அதே வழியாகத்தான் இறங்க வேண்டியிருந்தது என்பது படத்தில் வரவில்லை.

காட்டின் மீது மலைமக்களுக்குள்ள உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டம் 2006இல் நிறைவேறி, 2007 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத் தடையால் பட்டா வழங்கும் வேலை நின்றுபோனது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகே வேலை நகர்ந்தது. தனி நபர் நிலப் பட்டாவோடு, கடுக்காய், புளி, நெல்லி, தேன் போன்ற சிறுவன மகசூலைச் சேகரிக்கவும் காட்டை நிர்வகிக்கவும் கிராமசபைக்குச் சமூக உரிமை கொடுக்கவும் இச்சட்டம் இடம் தருகிறது. உரிமை கோரும் மனுவுக்கு ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் சான்றாகச் செல்லும் என்று அதன் விதிகள் சொல்கின்றன. எந்தச் சரிவு யாருடைய கொத்துக்காடு, எந்தப் பாதை எந்த வளவுக்குப் போனது, எல்லைக்கல் நட்டபோது எந்த ஊர் இடம் மாறியது என்பதெல்லாம் வனத்துறைக் கோப்புகளை விட அந்தப் பெரியவர்களின் நினைவிலேயே தெளிவாக இருக்கிறது. அரூர், தருமபுரிக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் மாணவர்களை மலைக்கு அனுப்பி, அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே இவற்றை எழுதி வாங்க வேண்டும்.